ஆபீசுக்குப் பதில் ஆலை

மாலை நாலு இருபதுக்கு என் மகள் மேடையில் ஒரு சொல்லைப் பாடினாள். அந்தச் சொல் நான் கொடுத்தது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. கோவில்பட்டியில் அந்தக் கல்யாண மண்டபத்து மேடைக்கு மேலே, மணமக்கள் தலைக்கு நேராக, ஒரு நகைக்கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய கடிகாரம் தொங்கும். யார் எப்போது பாட ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று குறித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. அவளுக்கு நேரே தொடக்கம் 4.20 என்று எழுதினேன். முடிவு என்ற கட்டம் காலியாகவே நின்றுவிட்டது. அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஆறு வருடம் ஆகியும், சாயங்காலம் எந்தக் கடிகாரத்திலாவது நாலு இருபதைப் பார்த்துவிட்டால், மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை மனசுக்குள் தேடி எடுத்துவைத்த பிறகுதான் அடுத்த வேலை ஓடும்.

எனக்கு அச்சகத்தில் வேலை. பிழைதிருத்துகிறவன். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் அசன விருந்து அழைப்பு, எல்லாம் என் பேனாவுக்கு அடியில் நுழைந்துதான் வெளியே போகும். தபாலில் படித்துத் தமிழில் எம்.ஏ. முடித்தவன் என்பதால், ஒற்று மிகுமா மிகாதா என்று பக்கத்துத் தெரு அச்சகத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கேட்பார்கள். எழுத்து விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வராது. மற்ற எல்லாவற்றிலும் வரும். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, ஆறு மணிக்கு டியூஷன் முடிந்த பெண் ஆறு பத்துக்கு ஏன் இன்னும் வரவில்லை. வீட்டுக்கும் டியூஷனுக்கும் நடுவே பதினொரு நிமிட நடை என்று நடந்து பார்த்து வைத்திருந்தேன். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

பாட்டுக்காரர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். கோவில்பட்டிக்கு வெளியே ஆறு மைலில் ஒரு கரிசல் கிராமம் அவருடையது. தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து கலக்குகிற வேலை பார்த்தார். ஒருமுறை மருந்து பற்றிக்கொண்டதில் இடது புருவம் போனது, பிறகு முளைக்கவில்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பாட்டுக் கட்டினார். பருத்தி எடுக்கிறவர்களுக்கு ஒன்று, கிணறு வெட்டிப் பாறை தட்டிப்போனவனுக்கு ஒன்று, ரேஷன் கடை வரிசைக்கு ஒன்று. அவர் சினிமாவுக்கு எழுதியதில்லை. ரேடியோவிலும் வந்ததில்லை. ஆனாலும் மானாவாரிக் காட்டில் களையெடுக்கிற இடத்தில் நின்று கேட்டால் அவருடைய வரி ஒன்றாவது காதில் விழாமல் போகாது. அது அவருடையது என்று தெரியாமல்கூடப் பாடிக்கொண்டிருப்பார்கள். இதைவிடப் பெரிய பெயர் ஒரு பாட்டுக்காரனுக்குக் கிடைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் இறந்து ஒரு வருடம் ஆனபோது, பஜாரில் கேசட் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு ஏற்பாடு செய்தார். அவர் பாட்டுகளைப் பாடுகிற கிராமத்துப் பாடகர்கள் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பாடவைத்து, அதைக் கேசட்டாகப் போடுவது. கூடவே முப்பத்திரண்டு பாட்டுகளைப் புத்தகமாகவும் கொண்டுவருவது. புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. பாட்டுக்காரர் கையெழுத்தில் ஒரு தாள்கூட யாரிடமும் இல்லை என்றார்கள். பாடுகிறவர் வாயிலிருந்துதான் எழுதி எடுக்க வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனேன். எப்போதும்வென்றானில் ஒரு வில்லுப்பாட்டுக்கார அம்மா, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டே ஒன்பது பாட்டுச் சொன்னாள். புதியம்புத்தூரில் ஒரு தையல்காரர், ரெடிமேட் சட்டைக்குக் காலர் வைக்கிறவர், மெஷினை நிறுத்தினால் பாட்டு வராது என்றார். அதனால் மெஷின் ஓட ஓட, அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் எழுதினேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். பாடுகிறவர்கள் யாரும் பாட்டை அப்படியே விட்டுவைக்கவில்லை. கிணற்றுப் பாட்டில் அந்த அம்மா தன் ஊர்க் கிணற்றின் பெயரைப் போட்டிருந்தாள். வேறு ஊரில் மாட்டு வண்டி என்று நான் எழுதிய இடத்தில் தையல்காரர் மினி பஸ் என்று பாடினார்.

“மூலத்துல வண்டினுல்லா இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இருக்கட்டுமே. எங்க ஊருக்கு இப்ப வண்டி எங்க வருது? மினி பஸ்ஸுல்லா வருது,” என்றார், காலை மிதியிலிருந்து எடுக்காமல்.

அவர்கள் மாற்றலாம் என்றால் நானும் மாற்றலாம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன். ஆகவே கணக்காகச் சொன்னால், விஷயம் கெட்டது அந்த ஞாயிறு மாலை நாலு இருபதுக்கு அல்ல. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் மேசையில்.

எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். காலையில் பசை வாளியும் தூக்குச்சட்டியுமாகப் போகிற பெண்ணை எங்கே என்று கேட்டால் ஆபீசுக்கு என்பாள். வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்டால் முழிப்பார்கள். பாட்டுக்காரர் இதை வைத்துத்தான் அவருடைய எல்லாப் பாட்டிலும் பேர்போன ஒன்றைக் கட்டியிருந்தார்.

ஆபீசுக்குப் போறேன் அக்கா – நானும்
ஆபீசரு ஆனேன் அக்கா
கையெழுத்து வேண்டாம் அக்கா – என்
கையெல்லாம் பசைதான் அக்கா

நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஆபீசுக்கு என்பதை அடித்து ஆலைக்கு என்று எழுதினேன். ஆபீசரு என்பதை அடித்து அதிகாரி என்று எழுதினேன். போறேன் என்பதைப் போகிறேன் ஆக்கினேன். ஆலைக்கு அதிகாரி, ஆவன்னாவுக்கு அகரம் மோனைதான். இலக்கணம் கெடவில்லை, ஓசையும் ஓரளவு நிற்கிறது, ஆங்கிலச் சொல் போய்விட்டது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு திருப்தி.

சாயங்காலம் திருத்திய மெய்ப்புத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பாத்திரம் கழுவின கையைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இது என்னங்க, ஆலைனு போட்டிருக்கு?”

“தீப்பெட்டி ஆலை. அதுதான சரியான தமிழு.”

“தமிழு சரியா இருக்கட்டும். ஆலைக்கு யாரு போனா? ஆபீசுக்குல்லா போனோம்.”

“புஸ்தகமா வருது. நாலு ஊர்க்காரன் படிப்பான்.”

“ஆபீசருக்கு என்ன செஞ்சீங்க?”

“அதிகாரி.”

அவள் சிரித்தே விட்டாள். “எங்க கணக்கப்பிள்ளைகூடத் தன்னைய அதிகாரினு சொன்னதில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. “மத்தவுங்க மாத்துதாங்கள்லா? அந்தத் தையக்காரரு வண்டிய மினி பஸ்ஸா மாத்திட்டாரு. அவர யாரும் கேக்கலயே?”

“அவரு ஏறுத பஸ்ஸ அவரு பாடுதாரு. நீங்க எந்த ஆலைக்குப் போனீங்க?”

நான் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். புத்தகம் அப்படியே அச்சாகி வந்தது.

மகள் அப்போது பிளஸ் ஒன் படித்தாள். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அவள்தான் முதல் குரல். இந்தப் பாட்டு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அடுப்படியில் அம்மா முனகுவதைக் கேட்டு வந்தது. கேசட் கடை அண்ணாச்சி அவள் குரலைக் கேட்டுவிட்டு, டவுன் பிள்ளை ஒன்றும் பாடட்டும், இதையே பாடட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் ராகம் பிடித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி என்னிடம் கேட்டாள்.

“எதப்பா பாட? அம்மா பாடுததா, புஸ்தகத்துல உள்ளதா?”

“புஸ்தகத்துல உள்ளத.”

அவள் தலையாட்டினாள். மறுத்துப் பேசத் தெரிந்த பெண்தான். ஆனால் எழுத்து விஷயத்தில் அப்பாவுக்குத் தவறாது என்று அவளும் நம்பினாள்.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீசுகளுக்கு விடுமுறை என்பதால் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் முன்னால் ஜமுக்காளம் விரித்தோம். பாட்டுக்காரரின் மனைவிக்குப் பொன்னாடை வாங்கி வைத்திருந்தோம். அவள் வரவில்லை. அழைக்கப்போன கேசட் கடை அண்ணாச்சியிடம், பருத்தி வெடித்துக் கிடக்கிறது, பாட்டை நீங்கள் பாடுங்கள், பருத்தியை யார் எடுப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டாளாம்.

பாடகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் பாடியதுபோல நான் பிறகு கேட்டதில்லை. வில்லுப்பாட்டுக்கார அம்மா வில் இல்லாமல், வெறும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “வில்ல வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். அவிய பாட்டுக்கு மணியடிக்க வேண்டாம், தானா மணியடிக்கும்,” என்று சொல்லிவிட்டு எடுத்த எடுப்பில் உச்சத்தில் தொடங்கினாள். தையல்காரர் மேடையில் மெஷின் இல்லாமல் தவித்தார். கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வலது காலால் பலகையை மிதித்துக்கொண்டே பாடினார். மினி பஸ் வந்த இடத்தில் கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண், “அண்ணாச்சி, எங்க ஊருக்கும் அத விடச் சொல்லுங்க!” என்று கத்தினாள். அவர் பாட்டை நிறுத்தாமலே அந்த ஊரையும் அடுத்த வரியில் சேர்த்துப் பாடினார். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நான் நேரம் குறித்துக்கொண்டு, புத்தகத்தில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணுமாக, ரொம்பப் பெருமையோடு இருந்தேன்.

மகள் பச்சைத் தாவணியில் வந்து நின்றாள். தபேலாக்காரர் தட்டினார். பெண்களுக்கு முதல் தட்டிலேயே என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. கூடவே பாடுவதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் ஆலைக்கு என்றாள். மண்டபம் ஆபீசுக்கு என்றது.

இருநூறு முந்நூறு குரலும் ஒரு குரலும் முட்டிக்கொண்டு நின்றன. பிறகு சிரிப்பு. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்கச் சிரிக்கத் தயாராக வந்தவர்களின் சிரிப்பு. ஆனால் மேடையில் நிற்கிற பதினாறு வயதுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

“ஏட்டி, எந்த ஆலை? பஞ்சாலையா, பனியன் ஆலையா?”

“எங்களயும் சேத்துவிடு தாயி, ஞாயித்துக்கெழமையோட சனியும் லீவு விடுவாவளா?”

அப்புறம் ஜமுக்காளத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், நன்றாகக் கேட்கும்படி: “யாரு பெத்த பிள்ளட்டி அது? அவ அம்ம நம்ம கூடப் பெட்டி ஒட்டுனவல்லா! அவளுமா ஆலைக்குப் போனா?”

சிரிப்பு இரட்டித்தது. மகள் என்னைப் பார்த்தாள். அடுத்தது என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. நான் அப்போது செய்ததை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. நான் கையிலிருந்த புத்தகத்தை உயர்த்தி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். உதட்டை அசைத்து ஆலைக்கு என்றேன்.

அவள் மறுபடியும் ஆலைக்கு என்று பாடினாள். இந்தமுறை பாட்டே கேட்கவில்லை. மைக்கைத் தரையில் வைத்தாள். ஸ்பீக்கரில் டம் என்று ஒரு சத்தம். பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

என் மனைவி பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினவள். இன்றைக்கும் பஸ் டிக்கெட்டைக் கையில் கொடுத்தால், இறங்குவதற்குள் அது ஒரு சின்னப் பெட்டியாக மடிந்திருக்கும். கட்டைவிரல் தானாகச் செய்யும். கல்யாணப் பேச்சின்போது, இதை எங்கள் வீட்டுப் பக்கம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னது நான்தான். அந்த ஆபீசிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிற என் அச்சகத்தில்கூட யாருக்கும் தெரியாது. தமிழ் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லை அடித்தேன் என்று நான் நம்பியிருந்தேன். மண்டபத்தில் அந்தக் குரல் கேட்டபோது என் காது சுட்டதே, அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் மனைவியின் சொல்லை என் மகள் வாயில் மேடையேற்ற எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. தையல்காரர் மாற்றியதற்கும் நான் மாற்றியதற்கும் வித்தியாசம் அதுதான்.

ஆனால் இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க அப்போது நேரமில்லை. நான் ஓடினேன்.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டு. அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவர், “பச்சத் தாவணியா? இப்பந்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாப் போச்சு. கூப்பிட்டேன், திரும்பல,” என்றார். பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி, விளாத்திகுளம் வண்டி, எட்டயபுரம் வண்டி என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கண்டக்டர்கள் டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்து, எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துவரச் சொன்னேன். பூட்டுத் தொங்குகிறது என்றார்கள். அவளுடைய தோழி வீட்டில் தோழி தலை பின்னிக்கொண்டிருந்தாள். வரவில்லையே மாமா என்றாள்.

பிறகு என் கால் என்னைக் கேட்காமல் ரயில்வே கேட் பக்கம் போனது. ஏன் என்று எழுத மாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வெயில் சாய்ந்து இரும்பு மினுங்கியது. கேட்கீப்பர் கூண்டிலிருந்து வெளியே வந்தார்.

“பச்சைத் தாவணி...” என்று தொடங்கினேன்.

அவருக்கு முழுதும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மத்தியானத்துலருந்து நான் இங்கனதான் நிக்கேன். ரெண்டு வண்டி போச்சு. ஒண்ணும் இல்ல. தண்ணி குடிங்க.” ஒரு பிளாஸ்டிக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். குடித்தேனா, சட்டையில் ஊற்றிக்கொண்டேனா என்று நினைவில்லை. ஒண்ணும் இல்ல என்ற அந்த இரண்டு சொல் எனக்கு இன்னும் சில நாள் காலையில் விழிக்கும்போது கேட்கும்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது ஆறு மணி. வெளியிலேயே பாட்டுக் கேட்டது. தையல்காரர் இரண்டாம் சுற்றுப் பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் கலையாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. என் மனைவி விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜமுக்காளத்துப் பெண் ஒருத்தி, அவளுடைய பழைய சிநேகிதியாம், தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மனைவியின் மடியில் நிகழ்ச்சி நோட்டீசில் மடித்த ஏழெட்டுப் பெட்டிகள்.

“எங்கயும் இல்ல,” என்றேன். “போலீஸ்ல சொல்லிருவோம்.”

“உக்காருங்க. வருவா.”

“எப்பிடிச் சொல்லுத?”

“பஸ்ஸுக்குக் காசு வாங்கிட்டுப் போயிருக்கா. போறதுக்கும் வாறதுக்கும் சேத்துக் கேட்டு வாங்குனா.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. “ஒங்கிட்டயா? எப்ப?”

“பின்கதவு வழியாப் போயி, முன்கதவு வழியா வந்து, எங்கிட்ட வாங்கிட்டுத்தான் போனா. நீங்க அதுக்குள்ள ஓடிட்டீங்க. சமயக்கட்டு வரைக்கும் வந்து கூப்பிட்டேன். நீங்க காதுல வாங்கல.”

“எங்கனு கேக்கலயா?”

“கேட்டேன். கேக்கப் போறேன்னா.”

“என்னது?”

“அதான் சொன்னா. ‘கேக்கப் போறேம்மா’ன்னா. யார்ட்டனு கேக்குறதுக்குள்ள போயிட்டா.”

ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டு, பூத்து, தண்டவாளம். கிளம்பும் முன் இந்த ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனையும் இல்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இவ்வளவு நிதானமாக இருக்கிறாளே என்று. பிறகு அவள் மடியைப் பார்த்தேன். ஏழெட்டில் ஒரு பெட்டிகூட ஒழுங்காக மடிந்திருக்கவில்லை. எல்லாம் மூலை கோணி இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு நோட்டீசை என் கையிலும் கொடுத்தாள். எனக்கு மடிக்கத் தெரியாது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜமுக்காளத்துப் பெண் மெல்ல என்னிடம் சொன்னாள்: “அண்ணாச்சி, வெளாட்டாத்தான் சொன்னேன். இவள இத்தன வருசம் கழிச்சுப் பாத்த சந்தோசத்துல வாய் வந்துட்டு. பிள்ளைக்குச் சுடும்னு தெரியல.”

“நீங்க சொன்னதுல தப்பில்ல,” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன சரியான வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு நாற்பது இருக்கும். இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கிற சத்தம். தையல்காரர் பாதி வரியில் நிறுத்தினார். மண்டபம் மொத்தமும் திரும்பியது.

ஆட்டோவின் பின்னால் பருத்தித் தாட்டுகள், பெரிய சாக்கு மூட்டைகள். அவற்றின் மேலிருந்து பச்சைத் தாவணி இறங்கியது. தலையிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. முகத்தில் அழுத தடம் இருந்தது, ஆனால் அது காய்ந்து நேரமாகியிருந்தது. நேராக என்னிடம் வந்தாள். நான் அவளைத் தொட்டுப் பார்த்தேன். தோள், கை, தலை. அவள் பொறுத்துக்கொண்டாள்.

“அப்பா, அண்ணாச்சிட்டச் சொல்லி மைக்க வாங்கிக் குடுங்க. இன்னொருக்காப் பாடணும்.”

“எங்கம்மா போன?”

“எழுதுனவிய வீட்டுக்கு. எது சரின்னு கேட்டுட்டு வந்தேன்.”

அதற்குள் டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொரு ஆள் இறங்கிவிட்டாள். அறுபது வயதுக்கு மேல். முழங்கை வரைக்கும் பருத்திக் காயின் கீறல். இடுப்பில் சொருகிய சேலையைக்கூட அவிழ்க்கவில்லை. பாட்டுக்காரரின் மனைவி. அண்ணாச்சி பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் அதைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு, வாசல்படியில் நின்று மண்டபத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எவம்ல அது, எங்க வீட்டுக்காரரு பாட்டுல கை வச்சது?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் என் மனைவி, மடியில் இருந்த பெட்டிகளோடு எழுந்து நின்றாள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து ஊதிவிட்டாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள். கட்டைவிரலில் பழைய பசைத் தழும்பு இருக்கிறவர்களை அவளுக்கு அடையாளம் தெரியும் போலிருக்கிறது. மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

“நீருதானா? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீரு? அவியளும் மொதல்ல ஆலைன்னுதாம்யா கட்டுனாவ. பாட்டுன்னா நல்ல தமிழ்ல இருக்கணும்னு அதிகாரின்னு வேற போட்டாவ. நாந்தாம் அடிச்சுத் திருத்துனேன். ஒம்ம வீட்ல திருத்த ஆளில்லையா?”